அம்மா கேட்காத கேள்வி

அந்தப் படத்தில் என் அம்மா நாற்பது விநாடி வருகிறார். பச்சைச் சேலை கட்டி, தேத்தண்ணித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, சோபாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு முன்னால் குனிந்து ஏதோ சொல்கிறார். அவ்வளவுதான். ஆனால் அவர் சொல்வது கதையில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்த வசனம் அல்ல. அது மாறியதற்கு ஒரு வகையில் நானும் காரணம்.

படம் ஒரு நகைச்சுவைப் படம். ஒஸ்லோவில் நடப்பது. இலங்கையிலிருந்து மூன்று மாதக் குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டு, நகரத்தின் மேற்குப் பக்கத்தில் வசதியான நோர்வேஜியக் குடும்பத்தில் வளர்ந்த ஒருத்திதான் கதாநாயகி. பனிச்சறுக்கத் தெரியும், பழுப்புப் பாற்கட்டி பிடிக்கும், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஒருநாள் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வருகிறது: புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிழை என்று சொல்லப் போனவளை ஆசிரியை வாய் திறக்கவே விடவில்லை. "உட்காருங்கள், பயப்படாதீர்கள்" என்று மெதுவாகவும் உரக்கவும் சொல்லி இருத்திவிடுகிறார். அவளும் இருந்துவிடுகிறாள். வகுப்பில் இருந்த தமிழ்ப் பெண்கள் அவளைத் தங்களில் ஒருத்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொண்டை கட்டிவிட்டதாகக் கழுத்தைத் தொட்டுக் காட்டியே இரண்டு வாரம் சமாளிக்கிறாள். பிறகு அவர்கள் அவளை வீட்டுக்கு அழைக்கிறார்கள். அந்த வீட்டுக் காட்சியில்தான் அம்மா.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுதாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்துத் தெரியாது. அப்பா கையெழுத்து வைப்பார். நாக்கைக் கடித்துக்கொண்டு, படம் வரைவதுபோல வைப்பார். ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் எந்தத் தமிழ் வீட்டுக்கு எந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலும் அது கடைசியில் எங்கள் சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். பன்னிரண்டு வயதிலிருந்து நான் வாசித்துச் சொல்லியிருக்கிறேன், பதில் எழுதியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை.

படவேலை எனக்கு இன்னொருவர் கைவழியாக வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா இருந்தார். தமிழ் வசனங்களைப் படக்காரர் முதலில் அவரிடம்தான் எழுதி வாங்கியிருந்தார்கள். துணை நடிகைகளாகச் சேர்ந்திருந்த எங்கள் மாடி அன்ரிமாரிடம் அதை வாசித்துக் காட்டியதும் ஒரே கலாட்டா.

"'நீ எந்த ஊரும்மா, யாரு பொண்ணு நீ'யோ? இதென்னப்பா, ஒருநாளும் வாயிலை வராத கதையாக் கிடக்கு."

"சினிமாவுக்குத்தானே அக்கா."

"சினிமா எண்டால் இந்தியாக்காரர் மாதிரித்தான் கதைக்கவேணுமோ? எங்களுக்கு வாய் இல்லையோ?"

தமிழ்நாட்டு அக்கா கோபிக்கவில்லை. கன்ரீனில் என்னைக் கூப்பிட்டு இருத்தி, தாள்களை என் பக்கம் தள்ளினார். "உங்க ஸ்லாங் எனக்கு வராதும்மா. நீயே எடுத்துக்க. உனக்கும் ஒரு நல்ல அனுபவமா இருக்கும்." பிறகு காப்பியைக் கலக்கிக்கொண்டே, வெறும் பேச்சுக்காகக் கேட்டார்: "ஊர்ல உங்க அப்பா என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"பள்ளிக்கூட அதிபர்" என்றேன்.

"ஓ, ஹெட்மாஸ்டரா! அதான் பொண்ணு இப்படிப் படிக்குது."

என் அப்பா பனை ஏறியவர். அப்பப்பாவும் அதுதான். நோர்வேக்கு வந்து முதல் நான்கு வருடம் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்றார். பிறகு ஒஸ்லோவில் பஸ் கழுவும் வேலை. இதில் எதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதிபர் என்ற சொல் மட்டும், ஏற்கெனவே நாக்கில் வைத்திருந்ததுபோல, தயங்காமல் வந்தது. அன்றைக்கு முதல்தடவையும் அல்ல. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பதினாலு வயதில், ஒரு சிநேகிதியின் தாய்க்கும் அதையே சொல்லியிருந்தேன்.

எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் கேட்பது, "ஊரிலை எவடம்? ஆற்றை பிள்ளை?" என்றுதான்: எந்த இடம், யாருடைய பிள்ளை. பெரும்பாலும் அன்பாகவே கேட்பார்கள். பதிலில் எங்காவது ஒரு சொந்தம் அகப்படும், ஒரு கிணற்றடி அகப்படும், உடனே தோளில் கை விழும். ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்களிடம் அந்தக் கேள்விக்கு வேறொரு வேலை இருந்தது. பதிலைக் கேட்டுக்கொண்டு, எங்கே இருத்துவது, எந்தக் கோப்பையில் குடிக்கக் கொடுப்பது என்று முடிவெடுப்பார்கள். ஊரில் அம்மா அதை அனுபவித்தவர். நான் கதையாகக் கேட்டவள் மட்டுமே. ஆனாலும் பொய் சொன்னது நான்.

கதாநாயகியாக நடித்தவளும் உண்மையாகவே இலங்கையிலிருந்து தத்தெடுக்கப்பட்டவள். வளர்ந்தது துரொண்ட்ஹெய்ம் நகரில். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஏழெட்டு நாள் அவளுக்குத் தமிழ் வசனம் பழக்கினேன். முதல் நாள் கதவைத் திறந்தபோது என் சின்னம்மாவின் மகள் ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது. அதே நெற்றி, அதே நிறம். வாயைத் திறந்தாள், துரொண்ட்ஹெய்ம் பேச்சு உருண்டு வந்தது. நான் பிழையில்லாமல் பேசும் ஒஸ்லோ நோர்வேஜியம் அவளுக்கு முன்னால் பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரிக் கேட்டது.

"ஆட்கள் உன்னை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்களா?" என்றாள்.

"கேட்பார்கள். அம்மருட் என்பேன். பேசாமல் காத்துக்கொண்டு நிற்பார்கள்."

"நான் துரொண்ட்ஹெய்ம் என்பேன். எனக்கும் அப்படித்தான், காத்துக்கொண்டு நிற்பார்கள்."

"இல்லை, நான் சொல்வது தமிழ் ஆட்களை."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

கதையின்படி அம்மா தேத்தண்ணியோடு வந்து, "ஊரிலை எவடம் பிள்ளை? ஆற்றை மகள்?" என்று கேட்கவேண்டும். அவள் மனப்பாடம் செய்து வந்த பொய்யை ஒப்புவிக்கவேண்டும். உடனே அறை முழுவதும் சொந்தம் கொண்டாடத் தொடங்கும். ஒருத்திக்கு அவள் ஒன்றுவிட்ட மச்சாள், இன்னொருத்திக்குப் பெறாமகள். அதுதான் பகிடி. என்ன பொய் என்பதைக் கதையில் எழுதாமல் எனக்காக இடம் விட்டிருந்தார்கள். நான் நிரப்பினேன். பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஓர் ஊர். "என்ரை அப்பா பள்ளிக்கூட அதிபர்."

"ஏன் அதிபர்?" என்று அவள் கேட்டாள்.

"அது மரியாதையான பதில்."

அவள் ஒரு மெல்லிய கோப்புறையைக் கொண்டுவந்து காட்டினாள். தத்தெடுத்த நேரத்துப் பத்திரங்கள். ஓர் ஆஸ்பத்திரி, ஒரு திகதி, ஒரு முத்திரை. தாய், தகப்பன் என்ற இடங்களில் கோடு. "எனக்கு மரியாதையில்லாத பதில்கூட இல்லை" என்றாள். அழுகையெல்லாம் இல்லை, சாதாரணமாகச் சொன்னாள். பிறகு அந்த வசனத்தைப் பத்துத்தரம் சொல்லிப் பார்த்தாள். 'அப்பா' அவளுக்கு நன்றாக வந்தது.

படப்பிடிப்பு பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கியது. எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு அடுக்குமாடி தள்ளி, ஒன்பதாவது தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அம்மாவை அந்த வசனத்துக்குத் தேர்ந்தவர் இயக்குநர். கம்பளித் தொப்பியைக் கழற்றாத ஒல்லி மனிதர். வரிசையாக நின்ற அன்ரிமாரில் அம்மாவைக் காட்டி, "அந்த முகம்" என்றார். அம்மா ஒரு கிழமையாகப் பச்சைச் சேலையைத் தேய்த்து வைத்திருந்தார். வசனத்தை நான் வாசித்துக் காட்டியபோது, "ஓம், விளங்கிச்சு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

படக்காரர் எல்லோருக்கும் பாணும் பாற்கட்டியும் வைத்திருந்தார்கள். அன்ரிமார் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, தாங்கள் கொண்டுவந்த ரோல்ஸையும் வடையையும் பிரித்தார்கள். விளக்குப் பிடிப்பவர்கள் பாண் பக்கம் போகவேயில்லை. தமிழ்நாட்டு அக்காவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். குசினி வாசலில் நின்று அம்மாவோடு கொஞ்ச நேரம் கதைத்ததைக் கண்டேன். என்ன கதை என்று கவனிக்கவில்லை.

முதல் சிக்கல் தேத்தண்ணி. கோப்பைகள் வெறுமையாக இருக்கட்டும், ஊற்றினால் சிந்தும், சத்தம் வரும் என்றார் இயக்குநர். நான் தமிழில் சொன்னேன்.

"வெறுங்கோப்பையையோ? வீட்டுக்கு வந்த பிள்ளைக்கோ?" என்றார் அம்மா.

"சும்மா நடிப்புத்தானே அம்மா."

"நடிப்பெண்டாலும் கை என்ரை கையெல்லோ."

மற்ற அன்ரிமாரும் சேர்ந்துகொண்டார்கள். ஆறின தேத்தண்ணியும் சரிவராது என்று தீர்ப்பானது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஊற்றி, சீனி போட்டு, ஆவி பறக்கத்தான் தட்டு வெளியே வந்தது. அதற்கே ஒவ்வொரு தடவையும் ஆறு நிமிடம். இயக்குநர் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டார். நடிகை பாவம், கொடுத்ததையெல்லாம் குடித்தாள்.

இரண்டாவது சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா தட்டோடு வந்தார், குனிந்தார், கோப்பையைக் கொடுத்தார். கேள்வியைக் கேட்கவில்லை. நிமிர்ந்து திரும்பிப் போனார். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் அப்படியே. நான்காவது தடவை நான் கமராவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன்:

"அம்மா, கேளுங்கோவன்."

"நான் கேக்கமாட்டன்."

அறையில் எல்லாப் பக்கமும் வாய் திறந்தது.

"என்னப்பா, கேட்டால் வாய் தேஞ்சு போமோ?"

"நாளைக்கு ஒஸ்லோ முழுக்க உன்னைப் படத்திலை பாக்கப்போகுது, நீ ஊமை எண்டெல்லோ நினைக்கப்போகினம்."

"நான் கேக்கிறன் அக்கா, நீ தட்டைத் தா."

அம்மா தட்டைக் கொடுக்கவில்லை. "அந்தக் கேள்வியை என்னட்டைக் கேட்ட ஆக்களின்ரை முகம் எனக்கு இண்டைக்கும் தெரியும். அதை நான் இன்னொரு பிள்ளையிட்டைக் கேக்கமாட்டன். நடிப்பெண்டாலும் கேக்கமாட்டன்."

அந்த அறையில் இருந்த எல்லா அன்ரிமாருக்கும் அம்மா எதைச் சொல்கிறார் என்று தெரியும். இருபது வருடமாக ஒரே மாடியில் இருந்து, ஒரே துவைக்கும் அறையில் முறைவைத்துத் துவைத்து, ஒருவரும் வாயால் சொல்லாத விஷயம் அது. சிலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். தமிழ்நாட்டு அக்காவுக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. என்ன என்று என்னைப் பார்த்தார்.

இயக்குநரும் என்னைத்தான் பார்த்தார். "அம்மா என்ன சொல்கிறார்?"

பன்னிரண்டு வயதிலிருந்து மொழிபெயர்ப்பவள் நான். அம்மாவின் ஆஸ்பத்திரி, அப்பாவின் வேலை, மாடியில் உள்ள எல்லாருடைய வாடகை. அன்றைக்கு முதல்தடவையாக வேண்டுமென்றே பிழையாக மொழிபெயர்த்தேன். "வசனத்தை மறந்துவிட்டார்" என்றேன்.

பதின்மூன்று வருடம் நோர்வேஜிய அலுவலகங்களைத் துடைத்த அம்மாவுக்கு 'மறந்துவிட்டார்' என்ற சொல் தெரியாமல் இருக்குமா?

"நான் மறக்கேல்லை எண்டு சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை. சோபாவிலிருந்து நடிகை என்னையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநருக்கு நேரம்தான் பிரச்சினை. யன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "எதையாவது சொல்லட்டும். வாய் அசைந்தால் போதும். கீழே எழுத்தில் நாங்கள் கேள்வியைப் போட்டுக்கொள்ளலாம்."

அதைச் சரியாகவே மொழிபெயர்த்தேன். "உங்களுக்கு விருப்பமானதைச் சொல்லட்டாம். கீழை எழுத்திலை கேள்வியைப் போடுவினமாம்."

"ஆர் எழுதுறது?"

"நான்தான்."

அம்மா என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு புதுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அந்தத் தடவைதான் படத்தில் இருப்பது. அம்மா குனிகிறார். "நீ ஆரெண்டு நான் கேக்கமாட்டன் பிள்ளை. வந்திட்டாய். இரு" என்கிறார். நடிகைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அம்மா பேசி முடித்தால் தான் பேசவேண்டும் என்று மட்டும் தெரியும். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் பழக்கியபடி, மிகத் தெளிவாகச் சொன்னாள்: "என்ரை அப்பா பள்ளிக்கூட அதிபர்."

அம்மாவின் முகம் மெதுவாக அவளிடமிருந்து விலகி, கமராவைத் தாண்டி, என்னிடம் வந்தது. படத்தில் அந்தத் திரும்பலின் தொடக்கம் மட்டும் இருக்கிறது. அதற்குள் வெட்டிவிட்டார்கள்.

ஐந்து மணிக்கே இருட்டிவிடும் காலம். மாடிகளுக்கு நடுவில் பனி மிதித்துக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மா கையில் வெறும் ரோல்ஸ் பெட்டி.

"அதிபர் எண்டு அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான். கதைக்குத்தானே அம்மா."

"கதைக்கு." கொஞ்சம் நடந்தார். "அந்த இந்தியாப் பிள்ளைக்குச் சொன்னதும் கதைக்கோ?"

நான் நின்றுவிட்டேன். அவர் நிற்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"காலமை குசினியடியிலை கேட்டுது. 'ஹெட்மாஸ்டர் சார் சௌக்கியமா ஆன்ட்டி' எண்டு. எனக்கு முதல் விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சு. ஓம், சுகமா இருக்கிறார் எண்டு நானும் சொல்லிப்போட்டன்."

"அம்மா..."

"அப்பாவுக்கு நான் சொல்லேல்லை. நீயும் சொல்லாதை."

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கும் திருப்பிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். என் பொய்க்கு அம்மா ஓம் போட்டார், அதே கையோடு போய் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன் என்று நின்றார். நானோ அவர் சொன்னதையும் சொல்லாமல் விழுங்கினேன். படிக்காத ஒருவர் அவ்வளவு பேருக்கு முன்னால் சொன்ன ஒன்றை, படித்த நான் மறதி என்று ஆக்கிவிட்டேன்.

மே மாதத்தில் கீழெழுத்து வேலை வந்தது. ஒரு நிலவறையில் இரண்டு கணினித் திரைகள், படத்தொகுப்புக்காரர் ஒருவர், நான். இரண்டு வரிதான் போடலாம், ஒரு வரிக்கு இத்தனை எழுத்து, வாய் மூடுமுன் வாசித்து முடியவேண்டும் என்று பழக்கினார். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்தது. அன்ரிமாரின் வாய்ப் பேச்சை நல்ல நோர்வேஜியத்தில் அடக்குவது ஒரு கணக்குப் போலிருந்தது. அம்மாவின் இடம் வந்தது. கதையில் இருந்ததை அப்படியே அடித்தேன்: "ஊரில் எந்த இடம் பிள்ளை? யாருடைய மகள்?" அளவு சரியாக இருந்தது. அடுத்த வரிக்குப் போனேன்.

அம்மாவால் அதை வாசிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து நடிகை தொலைபேசியில் அழைத்தாள். இயக்குநர் அவளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"உன் அம்மா என்ன சொல்கிறார்?"

"எழுத்தில் இருக்கிறதே."

"அது கேள்வி. அவர் கேள்வி கேட்கவில்லை. குரல் கேள்விபோல எழவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்னிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிறார்கள்."

நான் சொன்னேன். அம்மா சொன்னதை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"அப்படியென்றால்," என்றாள், "ஒருவரும் கேட்காமலேயே நான் பொய் சொல்லியிருக்கிறேன்."

"ஓம்."

"இது எழுதியிருந்ததைவிட நல்ல பகிடி" என்றாள். பிறகு, "நல்ல சோகமும்" என்றாள். அவள் தன்னைப் பற்றித்தான் சொன்னாள். என்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த நாள் நிலவறைக்குப் போனேன். இயக்குநரும் இருந்தார். அந்த வசனத்தை மாற்றவேண்டும், அம்மா சொன்னது வேறு என்றேன். மாற்றினால் பகிடி விழுந்துவிடும் என்றார் அவர். அம்மா ஏன் கேட்கவில்லை என்றும் கேட்டார். என் அப்பா பனை ஏறியவர், எங்களைப் போன்றவர்களிடம் அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று இரண்டு வசனத்தில் சொன்னேன். நோர்வேஜியத்தில் அதைச் சொல்வது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது ஒரு தகவல். "அன்றைக்கு மறந்துவிட்டார் என்றாயே" என்றார். "நான் பொய் சொன்னேன்" என்றேன்.

தொகுப்புக்காரர் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றார். அடித்தேன்: "நீ யாரென்று கேட்கமாட்டேன். வந்துவிட்டாய். இரு." அளவுக்கு உள்ளேயே வந்தது. திரையில் அம்மா சொன்னார். நடிகை உடனே, "என் அப்பா பள்ளிக்கூட அதிபர்" என்றாள். தொகுப்புக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அப்போதுதான் அவர் வழுக்கை என்று தெரிந்தது. "இருக்கட்டும்" என்றார்.

இலையுதிர் காலத்தில் படம் வந்தது. நடித்தவர்கள் எல்லாருக்கும் குடும்பத்தோடு ஒரு காட்சி காட்டினார்கள். அப்பா லீவு எடுத்து, கல்யாணவீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து, ஓடுகிற எழுத்தையெல்லாம் மெல்லிய குரலில் தமிழில் சொன்னேன். அம்மாவின் இடம் வந்தது. அறை முழுக்கச் சிரித்தது.

"ஏன் சிரிக்கினம்? என்ன எழுதிக் கிடக்கு?" என்றார் அம்மா.

"நீங்கள் சொன்னதுதான். நீ ஆரெண்டு கேக்கமாட்டன், வந்திட்டாய், இரு."

"அப்பிடியேயோ?"

"அப்பிடியே."

அம்மா திரையைப் பார்த்தார். "சேலைக்கரை பின்னாலை மடிஞ்சு கிடக்கு. ஒருத்தியும் சொல்லேல்லை" என்றார்.

வெளியே வரும் கூடத்தில் தமிழ்நாட்டு அக்கா எங்களைக் கண்டு ஓடி வந்தார். அம்மாவைக் கட்டிப்பிடித்தார். பிறகு அப்பாவுக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு, கொஞ்சம் குனிந்தே நின்றார். "வணக்கம் சார். உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஞாபகம்தான் சார் வருது."

அக்கா யாரைச் சொல்கிறார் என்று அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். ஓம் போட இந்தமுறையும் அவர் ஆயத்தமாக நின்றார் என்று நினைக்கிறேன்.

"அக்கா, அப்பா அதிபர் இல்லை" என்றேன். "நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அப்பா ஊரிலை பனை ஏறினவர். இஞ்சை பஸ் கழுவிறவர். பள்ளிக்கூடம் போனது நான் மட்டும்தான்."

அன்ரிமார் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். கேட்டிருக்கும். நான் குரலைக் குறைக்கவில்லை. அக்காவின் கை கூப்பியபடியே இருந்தது. எடுப்பதா வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்படியா... பரவால்லம்மா, இதுல என்ன" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். யார் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை அவர் அந்த ஒரு பார்வையில் கூட்டிக்கொண்டார். பிறகு அக்காவிடம் திரும்பி, "இருபது பனை பிள்ளை" என்றார். "காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. மழைக்கு வழுக்கும்."

"இருபதா! எவ்ளோ உயரம் சார்?" என்றார் அக்கா. 'சார்' வாயில் ஒட்டிவிட்டது. அப்பா கூடத்தின் கூரையைப் பார்த்தார், அது போதாது என்று தலையாட்டினார்.

அம்மருட்டுக்குத் திரும்பும் ரயிலில் அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் பலமுறை வாயெடுத்தேன், ரயில் சத்தத்தில் எந்த மொழியில் தொடங்குவது என்று தெரியவில்லை. எங்கள் நிலையம் வந்தது. அப்பா எழுந்து கோட்டின் பொத்தான்களைப் பூட்டினார். பிறகு, பெட்டியில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னார்:

"அதிபரம்மா, எழும்பும். இடம் வந்திட்டுது."

அம்மா சிரிப்பை அடக்கக் கைப்பையால் வாயை மூடினார். நான் அடக்கவில்லை. சிரிப்பும் அழுகையுமாக மேடையில் இறங்கி நின்றேன். அப்பா திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். பனி விழத் தொடங்கியிருந்தது, படி வழுக்கும்.